திரையில் பார்த்ததை மலையில் செய்யாதீர்கள்
வலிப்பு உள்ள தோட்டத் தொழிலாளிக்கும், அவர் பக்கத்து நிரையில் நிற்பவருக்கும், வேலை பிரித்துக் கொடுப்பவருக்கும் ஒரு வழிகாட்டி

கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் ஒருவர் திடீரென்று விறைத்து விழுகிறார். கை கால் உதறுகிறது, வாயில் நுரை தள்ளுகிறது. அடுத்த நிமிடத்தில் சுற்றி நிற்பவர்கள் என்ன செய்வார்கள்? ஒருவர் கவ்வாத்துக் கத்தியைக் கையில் திணிப்பார். இன்னொருவர் பல்லுக்கிடையில் கரண்டியோ குச்சியோ வைக்கப் பார்ப்பார். இரண்டு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடிப்பார்கள். யாரோ தண்ணீர் ஊற்றுவார்கள். இதையெல்லாம் எந்த வைத்தியரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாட்டி சொன்ன கதையும் பார்த்த படமும் சொல்லிக்கொடுத்தவை.

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ள தோட்டங்களில் வலிப்பு உள்ளவர்கள் வேலை செய்கிறார்கள். பலர் அதை வெளியே சொல்வதில்லை. சொன்னால் பேர் போடமாட்டார்கள், கல்யாணம் நின்றுவிடும், லயத்தில் வேறு மாதிரிப் பேசுவார்கள் என்ற பயம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலகம் முழுவதும் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழலாம். அதாவது பெரும்பாலானவர்கள் முழு வேலை செய்து, முழுச் சம்பளம் வாங்கலாம். குறுக்கே நிற்பது நோயை விடவும் நோயைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருப்பவைதான்.

கதைகள் கற்றுக்கொடுத்த 4 பொய்கள்

முதல் பொய்: இரும்பு வலிப்பை நிறுத்தும். தமிழ்ப் படத்தில் வலிப்புக் காட்சி என்றாலே சாவிக் கொத்து வந்துவிடும். கையில் கொடுத்ததும் அடங்கிவிடும். உண்மையில் பெரும்பாலான வலிப்பு 1 முதல் 3 நிமிடத்துக்குள் தானாகவே நிற்கும். சாவியைத் தேடி எடுத்துக் கொடுப்பதற்குள் அந்த நேரம் போய்விடுகிறது, பெயர் சாவிக்குப் போகிறது. தோட்டத்தில் சாவியின் இடத்தில் கத்தி இருக்கிறது என்பதால் இந்த நம்பிக்கை இங்கே இன்னும் ஆபத்தானது.

இரண்டாவது பொய்: பிடித்து அமுக்க வேண்டும், வாயில் எதையாவது வைக்க வேண்டும். இதை வைத்தியர்கள் வரும் தொடர்களே தவறாகக் காட்டுகின்றன. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘ஹவுஸ்’, ‘கிரேஸ் அனாடமி’, ‘இஆர்’ போன்ற அமெரிக்க மருத்துவமனைத் தொடர்களைப் பார்த்து, அவற்றில் வந்த 59 வலிப்புக் காட்சிகளை ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதிக் காட்சிகளில், வைத்தியரும் தாதியுமாக நடிப்பவர்களே நோயாளியை அமுக்குவது, வாயில் பொருள் வைப்பது போன்ற தவறுகளைச் செய்திருந்தார்கள்.

மூன்றாவது பொய்: வலிப்பு வருபவர் பைத்தியம், அல்லது ஆபத்தானவர். லண்டனைச் சேர்ந்த நரம்பு உளவியலாளர் சாலி பாக்ஸென்டேல் 2003இல் 62 படங்களை எடுத்துப் பார்த்தார். வலிப்பு உள்ள ஆண் பாத்திரம் பெரும்பாலும் வெறி பிடித்தவனாக, கெட்டவனாக வருகிறான். பெண் பாத்திரம் மர்மமானவளாக, எளிதில் பாதிக்கப்படக்கூடியவளாக வருகிறாள் என்று எழுதினார். வலிப்பை உள்ளிருந்து எழுதிய கதைகளும் உண்டு. தஸ்தயேவ்ஸ்கிக்கே வலிப்பு இருந்தது. ‘அசடன்’ நாவலின் இளவரசன் மிஷ்கினுக்கு அதைக் கொடுத்தார். மிஷ்கின் அந்தக் கதையிலேயே மிக நல்ல மனிதன். ஆனால் நமக்கு வந்து சேர்ந்தவை இந்த மாதிரிக் கதைகள் அல்ல.

நான்காவது பொய்: இது பேய். 2005இல் வந்த ‘எமிலி ரோஸ்’ பேயோட்டும் படத்துக்கு மூலமாக இருந்தது அன்னெலீஸ் மிஷெல் என்ற ஜெர்மன் பெண்ணின் வாழ்க்கை. அவருக்கு வலிப்பு நோய் என்று வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். மாதக்கணக்கில் பேயோட்டும் சடங்குகள் நடந்தன. 1976இல் உணவின்றி மெலிந்து இறந்துபோனார். பெற்றோரையும் இரண்டு பாதிரியார்களையும் 1978இல் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. கோடாங்கியிடமும் பூசாரியிடமும் பிள்ளையைக் கூட்டிப்போகும் ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டிய முடிவு இது. சாமி கும்பிடுங்கள், நேர்த்தி வையுங்கள். ஆனால் மருந்தை நிறுத்தாதீர்கள்.

படத்தில் காட்டாத வலிப்பு

படத்துக்குத் தேவை விழுவதும் உதறுவதும்தான். அதனால் மற்ற வகைகள் நம் கண்ணில் படுவதே இல்லை. ஒருவர் கொழுந்து பறிக்கும்போது கை நின்றுவிடுகிறது. கண் வெறிக்கிறது. வாய் எதையோ மெல்லுவதுபோல அசைகிறது, விரல் படங்குச் சாக்கைத் தடவிக்கொண்டே இருக்கிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. ஒரு நிமிடம் கழித்து எதுவும் நடக்காததுபோல மீண்டும் பறிக்கத் தொடங்குவார், அல்லது எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் விழிப்பார். இதுவும் வலிப்புதான். கங்காணி இதைச் சோம்பல் என்று எண்ணித் திட்டுவார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் இதைக் கவனக்குறைவு என்பார். பக்கத்து நிரையில் நிற்பவர்தான் இதை முதலில் பார்ப்பார். பார்த்தால் நேரத்தையும் என்ன நடந்தது என்பதையும் நினைவில் வைத்து அவரிடமோ வீட்டாரிடமோ சொல்லுங்கள். வைத்தியருக்கு அந்த விவரம் பாதி நோய்க்கண்டறிதல். முடிந்தால் கைபேசியில் வீடியோ எடுத்து வைத்தியருக்கு மட்டும் காட்டுங்கள். வட்ஸ்அப்பில் பரப்புவது அவருடைய வாழ்க்கையைக் கெடுக்கும்.

மலையில் ஒருவர் விழுந்தால்

சமதரையில் தரும் முதலுதவியோடு, சரிவான மலையில் இன்னும் இரண்டு மூன்று காரியம் சேரும். இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. நேரம் பாருங்கள். வலிப்பு தொடங்கிய நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லா முடிவும் இதை வைத்துத்தான்.

2. உருளாமல் தடுங்கள். அவருக்குக் கீழ்ப்பக்கமாக நின்று, உடம்பு சரியாமல் உங்கள் காலாலோ தொடையாலோ அணை கொடுங்கள். அமுக்க வேண்டாம்.

3. கூடையைக் கழற்றுங்கள். நெற்றியில் மாட்டிய கயிறு கழுத்துக்கு இறங்கினால் மூச்சை இறுக்கும். கயிற்றை முதலில் தலைக்கு மேலாக எடுத்துவிட்டுக் கூடையை அப்பால் தள்ளுங்கள். கழுத்தில் சுற்றிய துணியையும் மழைக்குக் கட்டிய ரப்பர் சீட்டையும் தளர்த்துங்கள்.

4. கத்தி, கத்தரி, கல், கவ்வாத்து வெட்டிய குச்சி எல்லாவற்றையும் விலக்குங்கள். தலைக்குக் கீழே மடித்த சாக்கையோ ஸ்வெட்டரையோ வையுங்கள்.

5. உதறல் குறைந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் நுரையும் வாயோரமாக வெளியே வழிய வேண்டும்.

6. வாயில் எதுவும் வைக்காதீர்கள். கரண்டி, விரல், தண்ணீர், மாத்திரை எதுவும் வேண்டாம். நாக்கை யாரும் விழுங்குவதில்லை. பல் உடைந்து மூச்சுக்குழாயில் போவதுதான் நிஜமான ஆபத்து.

7. தெளியும்வரை பக்கத்திலேயே இருங்கள். சிலர் குழம்பி எழுந்து நடப்பார்கள், சிலர் தூங்குவார்கள். பெயர் சொல்லி மெதுவாகப் பேசுங்கள். சிறுநீர் போயிருந்தால் ஒரு சீட்டால் மூடி, கூட்டத்தைக் கலையுங்கள்.

5 நிமிடத்துக்கு மேல் நீண்டால், நின்றுவிட்டு மீண்டும் வந்தால், மூச்சுத் திணறினால், அடிபட்டிருந்தால், தண்ணீரில் விழுந்திருந்தால், கர்ப்பிணியாக இருந்தால், அல்லது வாழ்க்கையில் இதுதான் முதல் வலிப்பு என்றால் உடனே 1990 அழையுங்கள். ‘சுவசெரிய’ அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. மலை இலக்கம், ரோட்டுக்கு எந்த வழி, எந்தக் கொழுந்து மடுவம் பக்கம் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் பேசட்டும். இன்னொருவர் ரோட்டில் போய் நிற்கட்டும். சிக்னல் கிடைக்காத மலை என்றால் எந்த இடத்தில் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

எந்த வேலை, எந்த இடம்

வலிப்பு இருப்பவரை எல்லா வேலையிலிருந்தும் தள்ளி வைப்பது தவறு. எல்லா வேலையிலும் விடுவதும் தவறு. ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த இடத்தில் 2 நிமிடம் நினைவு தப்பினால் என்ன ஆகும்?

தவிர்க்க வேண்டியவை தெளிவாகத் தெரியும். பாறை விளிம்பும் செங்குத்தான சரிவும் உள்ள நிரைகள், தனியாக மருந்தடிப்பது, மரம் ஏறிக் கிளை வெட்டுவது, இயந்திரத்தால் கவ்வாத்து வெட்டுவது, லொறியும் டிராக்டரும் ஓட்டுவது, தண்ணீர்த் தாங்கி வேலை. ஸ்டோரில் ரோலர், ஓடும் பெல்ட், அடுப்பு வாய் ஆகியவற்றின் பக்கம் நிற்பதும் வேண்டாம். இரவு வேலை தனி ஆபத்து. தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும் முக்கியமான காரணங்களில் ஒன்று.

செய்யக்கூடியவை அதைவிட அதிகம். ரோட்டோரமான, சரிவு குறைந்த மலையில் கொழுந்து; கூட ஒருவர் நிற்கும் நிரை; நாற்றுமேடை வேலை; மடுவத்தில் நிறுப்பதும் கணக்கெழுதுவதும்; ஓடும் இயந்திரத்திலிருந்து விலகிய இடத்தில் தேயிலை பொதி செய்வது; ஆபிஸ் வேலை. பிள்ளை மடுவத்திலும் வேலை செய்யலாம், ஆனால் கைக்குழந்தையைத் தூக்கும்போதும் வெந்நீர் கையாளும்போதும் இன்னொருவர் கூட இருக்க வேண்டும். வலிப்பு நீண்ட காலம் வராமல் இருந்தால் இந்தப் பட்டியலை வைத்தியரின் சொல்லோடு மாற்றலாம்.

வேலை பிரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பகல் 10 மணிக்கு வலிப்பு வந்தவரை அரைப் பேரோடு வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். வைத்தியசாலை தேவைப்படாத வலிப்பு என்றால், ஓய்வெடுத்துத் தெளிந்ததும் அவரே முடியும் என்று சொன்னால், மடுவத்திலோ நாற்றுமேடையிலோ இலேசான வேலை கொடுத்து முழுப் பேர் போடுங்கள். பேர் போகும் என்ற பயம்தான் ஆட்களை நோயை மறைக்க வைக்கிறது.

வீட்டிலும் இதே கேள்வி பொருந்தும். விறகடுப்பில் தனியாகச் சமைக்காதீர்கள். ஆற்றிலும் தாங்கியிலும் இறங்கிக் குளிப்பதைவிடப் பீலியில், அதுவும் துணையோடு குளிப்பது பாதுகாப்பு.

சொல்வதா, மறைப்பதா?

மறைப்பதன் விலையைக் கச்சிதமாகக் காட்டிய படம் ஒன்று உண்டு. மைக்கல் கிரைட்டன் 1969இல் எழுதிய ‘ஆண்ட்ரோமிடா ஸ்ட்ரெயின்’ நாவலை 1971இல் ரொபர்ட் வைஸ் படமாக்கினார். விண்ணிலிருந்து வந்த கொடிய கிருமியை ஓர் இரகசிய ஆய்வுக்கூடத்தில் ஆராய்கிறார்கள். அதில் ரூத் லெவிட் என்ற விஞ்ஞானிக்கு வலிப்பு உண்டு. தெரிந்தால் எந்தப் பெரிய ஆய்வுக்கூடமும் வேலை தராது என்று மறைத்திருக்கிறார். இயந்திரம் ஆயிரக்கணக்கான சோதனை முடிவுகளைத் திரையில் ஓட்டுகிறது. கிருமி வளரவில்லை என்ற மிக முக்கியமான முடிவு சிவப்பு வெளிச்சமாக விட்டுவிட்டு மின்னுகிறது. அந்த மின்னலே லெவிட்டை உறைய வைக்கிறது. திரை அடுத்த முடிவுக்குப் போய்விடுகிறது. எல்லோரும் தேடிக்கொண்டிருந்த விடை கண்முன் வந்து, யாருக்கும் தெரியாமல் நழுவுகிறது.

இந்தக் காட்சியைப் பார்ப்பவர்கள் லெவிட்டைக் குறை சொல்வார்கள். நான் அந்த ஆய்வுக்கூடத்தையும் சேர்த்தே குறை சொல்வேன். சொன்னால் வேலை போகும் என்ற இடத்தில் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். மின்னும் திரைக்குப் பதில் காகிதத்தில் முடிவு கேட்டிருந்தால் போதும், லெவிட் தன் வேலையைச் சரியாகவே செய்திருப்பார். அவருக்குத் தேவைப்பட்டது அவ்வளவு சின்ன மாற்றம்தான்.

எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. மூன்று பேருக்குத் தெரிந்தால் போதும்: வேலை பிரிப்பவர், பக்கத்து நிரைக்காரர், தோட்டத்து டிஸ்பென்சரியில் இருப்பவர். பிரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லாமல், தனியாக, சுருக்கமாகச் சொல்லுங்கள். இப்படிச் சொல்லலாம்:

“ஐயா, எனக்கு வலிப்பு இருக்கு. கிளினிக்ல மருந்து எடுக்கிறேன். வந்தா ரெண்டு மூணு நிமிசத்துல தானா நிக்கும். செங்குத்து நிரையும் மருந்தடிக்கிற வேலையும் மட்டும் எனக்கு வேணாங்க. மத்த வேலை எல்லாம் செய்வேன்.”

பக்கத்து நிரைக்காரரிடம்: “அக்கா, நான் பேசிக்கிட்டு இருக்கும்போதே வெறிச்சுப் பார்த்தா, இல்ல விழுந்துட்டா, கூடைய கழட்டி ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. கையில கத்தி எதுவும் குடுக்காதீங்க.”

நோயைச் சொல்லும்போதே தேவையையும் செய்ய முடிந்ததையும் சேர்த்துச் சொன்னால், கேட்பவருக்கு என்ன செய்வது என்று புரிந்துவிடும்.

மருந்தும் கிளினிக் நாளும்

அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்தும் கிளினிக்கும் இலவசம். நுவரெலியா மாவட்ட வைத்தியசாலை, டிக்கோயா வைத்தியசாலை ஆகியவற்றில் தொடங்கலாம். நரம்பியல் நிபுணரைப் பார்க்க வேண்டுமானால் கண்டி, பேராதனை, கொழும்பு என்று அனுப்புவார்கள். கிளினிக் நாளில் ஒரு பேர் போகும், பஸ் செலவு வேறு. அதனால் பலர் ஒரு மாதம் விட்டுவிடுகிறார்கள். வலிப்பு கட்டுக்குள் இருந்தால் ஒரே தடவையில் கூடுதல் நாட்களுக்கு மருந்து தர முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

வலிப்பு நின்றுவிட்டது என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 2 வருடமாவது வலிப்பு வராமல் இருந்தால்தான் மெல்லக் குறைப்பதைப் பற்றி வைத்தியர் யோசிப்பார். சம்பள நாளன்று குடிப்பதும், மறுநாள் மாத்திரையை மறப்பதும், தூங்காமல் விழிப்பதும் சேர்ந்தால் வலிப்பு வருவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

பெண்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. வல்புரோவேட் என்ற மருந்து கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது. கல்யாணம் பேசும்போதோ பிள்ளை பெற நினைக்கும்போதோ, கர்ப்பத்துக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டு மருந்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்கனவே கர்ப்பமாக இருந்தால் பயந்து நிறுத்திவிடாமல் உடனே கிளினிக் போங்கள். மாதவிடாய் நாட்களில் வலிப்பு கூடுகிறதா என்று காலண்டரில் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பு மருந்தை முடிவு செய்ய உதவும்.

கைபேசி விளையாட்டும் மின்னும் வெளிச்சமும்

லயத்து இளைஞர்கள் இரவு முழுவதும் கைபேசியில் விளையாடுகிறார்கள். விளையாட்டின் தொடக்கத்தில் வலிப்பு பற்றி ஓர் எச்சரிக்கை வரும், எல்லோரும் அதைத் தாண்டிப் போவார்கள். அது ஏன் தேவை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ‘போக்கிமோன்’ தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னின. 685 பேர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். பலருக்கு அதற்கு முன் வலிப்பே வந்ததில்லை. தொடர் 4 மாதம் நிறுத்தப்பட்டது. அப்படியிருந்தும் 2020 டிசம்பரில் ‘சைபர்பங்க் 2077’ விளையாட்டைச் சோதித்த லியானா ரப்பர்ட் என்ற பத்திரிகையாளர், அதில் வரும் மின்னும் விளக்குக் காட்சியால் தனக்கு வலிப்பு வந்ததாக எழுதினார். அவர் எழுதிய பிறகுதான் நிறுவனம் தெளிவான எச்சரிக்கை சேர்த்து அந்தக் காட்சியையும் மாற்றியது. ஒருவர் வெளிப்படையாகச் சொன்னதால் இலட்சக்கணக்கானோர் விளையாடும் பொருளே மாறியது.

வலிப்பு உள்ளவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்குத்தான் மின்னும் வெளிச்சம் வலிப்பைத் தூண்டும். பிள்ளைகளிடம் இது சற்று அதிகம். ஆகவே வலிப்பு இருந்தால் கைபேசியே தொடக்கூடாது என்பது தவறு. உங்களுக்கு வெளிச்சம் ஒத்துவருமா என்பதை மூளை மின்னலை வரைவுச் சோதனையில் பார்ப்பார்கள். விளையாடும்போது அறையில் விளக்கு போடுங்கள், திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள், இடையிடையே நிறுத்துங்கள். மின்னும் காட்சி வந்தால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் மூடி முகத்தைத் திருப்புங்கள். வெறுமனே கண்ணை மூடினால் இமை வழியாக வெளிச்சம் போகும். மற்ற எல்லோருக்கும் ஆபத்து வெளிச்சத்தில் இல்லை, இரவு 2 மணிவரை விழித்துவிட்டு 6 மணிக்குப் பிரட்டுக்கு ஓடுவதில் இருக்கிறது.

தோட்டத்துக்கு வெளியே வேலை தேடினால்

கொழும்புக் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் போகிறவர்கள் மூன்று விடயத்தை முதலில் கேளுங்கள்: இரவு வேலை உண்டா, தங்குமிடத்தில் துணை உண்டா, சமையல் அடுப்புப் பக்கம் நிற்க வேண்டுமா. கிளினிக் புத்தகத்தைக் கொண்டுபோனால் கொழும்பு அரசாங்க வைத்தியசாலையிலும் மருந்தைத் தொடரலாம். கடை, கணக்கு, கணினி, தையல், ஆசிரியர் பயிற்சி போன்ற வழிகள் எல்லாம் திறந்தவைதான்.

வாகனம் ஓட்டும் வேலைக்கு, வைத்தியரின் அனுமதி இல்லாமல் முச்சக்கரவண்டிகூட ஓட்டாதீர்கள். உரிமத்துக்கான மருத்துவப் பரிசோதனையில் மறைத்து வாங்கும் சான்றிதழ் உங்களையும் ஏற்றிச் செல்பவரையும் காப்பாற்றாது.

வீட்டு வேலைக்கு மத்திய கிழக்கு போக நினைக்கும் பெண்கள் ஏஜென்ட் சொல்வதைக் கேட்டு நோயை மறைக்காதீர்கள். அங்கே மருந்து தீர்ந்தால் வாங்கித் தர ஆள் இருக்கமாட்டார்கள், தூக்கமும் சரியாக இருக்காது.

சட்டமும் சங்கமும்

இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்க இயலாமையுடையோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், இயலாமை காரணமாக வேலைக்குச் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. 1971ஆம் ஆண்டு 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் தொழிலாளியை நிறுத்த வேண்டுமானால் அவருடைய எழுத்துமூல சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். வலிப்பு வந்ததால் பேரை வெட்டிவிட்டார்கள் என்றால் வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தோட்டத் தலைவரைக் கூட்டிக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். வேலை நேரத்தில் விபத்து நடந்தால் 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. அன்றே எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

சங்கங்கள் சம்பளத்துக்குப் பேசுவதுபோல இதற்கும் பேச வேண்டும். ஒவ்வொரு பெப்ரவரி மாதமும் 2ஆவது திங்கட்கிழமை சர்வதேச வலிப்பு நோய் தினம். அன்று பிரட்டுக் களத்தில் 10 நிமிடம் போதும். ஒருவர் கூடையோடு கீழே படுக்கட்டும். கங்காணியும் நிரைக்காரர்களும் கயிற்றைக் கழற்றி, உருளாமல் அணை கொடுத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பழகட்டும். டிஸ்பென்சரிக்காரர் பார்த்துத் திருத்தட்டும். ஒரு தடவை கையால் செய்தவர் அடுத்த தடவை சாவியைத் தேடமாட்டார். அடுத்த பெப்ரவரிவரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரமே உங்கள் தலைவரிடமும் கணக்கப்பிள்ளையிடமும் கேளுங்கள்.